பேனா இரவல்: பாரோவா, லெண்டா?

வங்கியில் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் நிற்பவரிடம், "கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் வெகுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேனா கிடைத்துவிடும், ஆங்கிலம்தான் உதைக்கும்.

நமக்கு 'இரவல்' என்ற ஒரே சொல்லோடு வாங்கு, கொடு என்று ஒட்டினால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வினை. வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். பேனா கேட்கும்போது 'ஐ' என்று நம்மை வைத்துக் கேட்டால் பாரோ: "மே ஐ பாரோ யுவர் பென்?" 'யூ' என்று எதிராளியை வைத்தால் லெண்ட்: "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?"

அடுத்த சிக்கல் 'இடம்'. அண்ணனிடம் வாங்கினேன், அண்ணனிடம் கொடுத்தேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் வாங்கினால் ஃப்ரம், கொடுத்தால் டு. "ஐ பாரோட் 500 ருபீஸ் ஃப்ரம் மை பிரதர்" என்பதே சரி. அங்கே 'டு' போட்டால் தவறு.

லெண்டின் இறந்தகாலமும் லெண்ட்தான், தமிழில் எழுதினால்! ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மாறும்: டாக்டரின் முதலெழுத்து போய் டீயின் முதலெழுத்து வரும்.

விருந்துக்குப் போன வீட்டில் பாத்ரூமை மட்டும் பாரோ செய்யாதீர்கள். "மே ஐ யூஸ் யுவர் பாத்ரூம்?" போதும். தூக்கிக்கொண்டா போகப்போகிறோம்?