இதயத்துடிப்பில் ஃபிராக்டல்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

ஃபிராக்டல் என்றதும் சுருளுக்குள் சுருளாக விரியும் வண்ணப் படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இதயத்துடிப்பில் தேடுவது படத்தை அல்ல, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை. ஒன்று 0.82 விநாடி, அடுத்தது 0.86, அதற்கடுத்தது 0.79. ஆரோக்கியமான இதயத்தில் இந்த ஏற்ற இறக்கத்தைச் சில நிமிடங்களுக்கு வரைந்தாலும் சில மணி நேரத்துக்கு வரைந்தாலும் ஏறக்குறைய ஒரே சாயலில் கரடுமுரடாக இருக்கும். சிறிய அளவிலும் பெரிய அளவிலும் இப்படி ஒரே சாயல் தெரிவதுதான் ஃபிராக்டல் தன்மை.

இதைப் படித்ததும் வருகிற முதல் தவறு, “ஓ, ஒழுங்கில்லாமல் துடித்தால் நல்லது போல” என்று முடிவு கட்டுவது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற, இதயத்தின் மேலறைகள் சீரின்றித் துடிக்கும் கோளாறில் இடைவெளிகள் தாறுமாறாக மாறும், அது நோய். இதய செயலிழப்பு உள்ள சிலருக்கோ மூச்சு கூடிக் குறைவதோடு சேர்ந்து துடிப்பும் அலை அலையாக, மிக ஒழுங்காக ஏறி இறங்கும், அதுவும் நோய்தான். நல்ல இதயம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆய்வாளர்கள் பெங், கோல்ட்பெர்கர் குழுவினர் 1990-களில் கொண்டுவந்த டிஎஃப்ஏ (detrended fluctuation analysis) என்ற கணக்கு முறை இந்த நடுவைத்தான் ஆல்ஃபா என்ற எண்ணால் அளக்கிறது. முன்பின் தொடர்பே இல்லாத இடைவெளிகளுக்கு 0.5, ஆரோக்கியமான இதயத்துக்கு 1-ஐ ஒட்டி. 1.5-ஐ நெருங்கினால் ஏற்ற இறக்கம் அளவுக்கு மீறி வழுவழுப்பாகிவிட்டது என்று பொருள். ஆக, ஆல்ஃபா கூடக்கூட நல்லது என்பதும் தவறு.

அடுத்தது, யாருடைய எண், எந்த நிலையில் எடுத்தது என்று பார்க்காமல் பயப்படுவது. மாரடைப்புக்குப் பின் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்திருந்தவர்களை 24 மணி நேரம் பதிவு செய்து 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குறுகிய கால ஆல்ஃபா (சில துடிப்புகளே கொண்ட சிறு துண்டுகளில் கணக்கிடுவது) 0.75-க்குக் கீழே இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் அதிகம் என்று தெரிந்தது. அதே 0.75-ஐ இன்று ஓட்டப் பயிற்சியாளர்கள் உடற்பயிற்சியின் தீவிரத்துக்கு ஓர் எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறார்கள்! வேகமாக ஓடினால் நல்ல இதயத்திலும் ஆல்ஃபா இறங்கத்தான் செய்யும்.

தரவைச் சுத்தம் செய்யாமல் கணக்கில் இறங்குவதும் உண்டு. நேரத்துக்கு முன்பே இடையில் நுழைந்த ஒரே ஒரு துடிப்பு கூடக் குறுகிய கால ஆல்ஃபாவை இழுத்துக் கீழே போட்டுவிடும், ஏனென்றால் அந்தக் கணக்கு 4 முதல் 16 துடிப்புகள் வரையிலான சிறு துண்டுகளில் நடக்கிறது. வாட்ச் ஒரு நிமிடம் எடுத்த நாடித்துடிப்பை வைத்து நீண்ட கால ஆல்ஃபா (பெரிய துண்டுகளில் கணக்கிடுவது) கண்டுபிடிக்கிறேன் என்பவரிடம் என்ன சொல்வது? பதிவு போதவே போதாது.

அப்புறம், மென்பொருள் தரும் எண்ணை அப்படியே நம்புவது. அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. அதே இடைவெளிகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். சராசரியும் திட்ட விலக்கமும் துளியும் மாறாது. ஆல்ஃபா மட்டும் 0.5-ஐ ஒட்டி விழ வேண்டும். விழவில்லையா? இதயத்தை விட்டுவிட்டு நிரலைப் பாருங்கள்.