சேலத்தில் வேலை பார்த்துக்கொண்டே சுகாதாரத் துறையில் ஆன்லைன் முதுநிலை: எதில் சேரலாம், எப்படி முடிப்பது

ஆன்லைனில் முதுநிலைப் பட்டம் படிக்க நினைக்கும் மருத்துவமனை ஊழியர்கள் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பட்டத்தை வைத்து எந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள்? சுகாதாரத் துறையில் மட்டும் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கே பல படிப்புகளை ஆன்லைனில் நடத்தவே அனுமதி இல்லை. அனுமதி இல்லாத படிப்பில் சேர்ந்தால் இரண்டு வருட உழைப்பும் பணமும் ஒரு காகிதத்தோடு முடிந்துவிடும்.

எது கிடையாது, எது உண்டு

நோயாளியைத் தொட்டுச் செய்யும் தொழிலுக்கு ஆன்லைன் பட்டம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி ஆகியவற்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த, யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகள் இடம் தரவில்லை. எம்.எஸ்சி. நர்சிங் வேண்டுமென்றால் கல்லூரிக்கு நேரில் போய்த்தான் படிக்க வேண்டும்.

2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தடை இன்னும் விரிந்தது. தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரப் பணிகள் ஆணையச் சட்டம், 2021-இன் கீழ் வரும் படிப்புகள் எதையும் இனி ஆன்லைனிலும் தொலைநிலையிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி அறிவித்தது. உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து, பயோடெக்னாலஜி, கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் எல்லாம் அதில் அடக்கம். பழைய விளம்பரங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. எம்.எஸ்சி. சைக்காலஜி, எம்.எஸ்சி. டயட்டெடிக்ஸ் ஆன்லைனில் உண்டு என்று யாராவது போனில் சொன்னால், எந்தப் பருவத்து அனுமதி என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஹெல்த் இன்பர்மேஷன் மேனேஜ்மென்ட், ஹெல்த் இன்பர்மேட்டிக்ஸ் பிரிவும் இருக்கிறது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதுதானே, அதற்குத் தடை இருக்காது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

மிச்சம் இருப்பது நிர்வாகமும் எண்களும். எம்பிஏ ஹாஸ்பிட்டல் அல்லது ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட்தான் இதில் முதன்மையானது. பொதுச் சுகாதாரம், புள்ளியியல், டேட்டா சயின்ஸ் போன்றவற்றில் யுஜிசியின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் சேரலாம். இந்தப் படிப்புகள் வார்டிலிருந்து அலுவலகப் பக்கம் நகர விரும்புபவர்களுக்கு உதவும்: என்ஏபிஎச் தரச்சான்று வேலைகளைப் பார்க்கும் குவாலிட்டி பிரிவு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தனியார் காப்பீடும் பார்க்கும் இன்சூரன்ஸ் டெஸ்க், பில்லிங், ஆபரேஷன்ஸ். வார்டில் சில வருடம் நின்ற நர்ஸ் இந்த வேலைகளுக்குப் போனால், வெளியிலிருந்து நேராக வரும் எம்பிஏ பட்டதாரியைவிட நன்றாகச் செய்வார் என்பது எங்கள் உறுதியான கருத்து. கேஸ் ஷீட்டில் எது விடுபட்டால் க்ளைம் திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அரசு வேலைதான் குறி என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிக்கைகளை எடுத்து, நீங்கள் விரும்பும் பதவிக்கு எந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று எழுத்துக்கு எழுத்து படியுங்கள். ஏற்கெனவே அரசு ஊழியராக இருந்தால், சேருவதற்கு முன்பே துறை அனுமதி வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு வாங்கலாம் என்று விட்டவர்களுக்குப் பணிப்பதிவேட்டில் பட்டத்தைப் பதியும் நேரத்தில்தான் சிக்கல் தெரியவரும்.

டிப்ளமோ முடித்தவர்கள் கவனிக்க

ஜிஎன்எம் (நர்சிங்), டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) இரண்டும் டிப்ளமோக்கள். அவற்றை வைத்து நேரடியாக முதுநிலையில் சேர முடியாது. இளநிலைப் பட்டம் ஒன்று கையில் இருக்க வேண்டும். நர்சிங்கிலேயே மேலே போக நினைப்பவர்களுக்கு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. உண்டு. நிர்வாகம் போதும் என்பவர்கள் பிபிஏ, பி.காம். போன்ற மூன்று வருடப் பட்டத்தைத் தொலைநிலையில் முடித்துவிட்டு எம்பிஏவுக்கு வரலாம். பத்து, பன்னிரண்டு, பிறகு இளநிலை என்ற வரிசை உடையாமல் இருக்கட்டும். தமிழக அரசு வேலைக்கு அந்த வரிசையைத்தான் பார்ப்பார்கள். "டிப்ளமோ போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் கன்சல்டன்சியிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் சரிபார்ப்பது

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவை டெப் என்பார்கள். அதன் இணையதளத்தில் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனிப் பட்டியல் வரும். ஜனவரி–பிப்ரவரி ஒன்று, ஜூலை–ஆகஸ்ட் இன்னொன்று. ஆன்லைனுக்கு ஒரு பட்டியல், தொலைநிலைக்கு வேறு பட்டியல். பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். பட்டியலில் வெறும் எம்பிஏ என்று இருந்து, விளம்பரத்தில் ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட் என்று இருந்தால், பட்டச் சான்றிதழில் என்ன அச்சாகும் என்று பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள். போனில் சொன்ன பதிலுக்கு மதிப்பில்லை.

பிரான்சைஸ் மையங்கள் மூலம் பட்டம் நடத்த அனுமதி கிடையாது. நகரில் அட்மிஷன் போர்டு வைத்திருக்கும் மையத்தில் விவரம் கேட்கலாம். கட்டணத்தை மட்டும் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில், உங்கள் உள்நுழைவில் கட்டுங்கள். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். படிப்பை நடுவில் விட்டாலும் தவணை நிற்காது. செமஸ்டர் கட்டணம் தவிர பதிவு, தேர்வு, அரியர், பட்டமளிப்பு என்று தனியாக எவ்வளவு வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக் கூட்டிப் பாருங்கள்.

தொலைநிலையும் பரவாயில்லை என்பவர்களுக்குக் கருப்பூரில் 1997 முதல் இயங்கும் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் தொலைநிலைக் கல்வி மையத்துக்கு ஒரு வேலை நாளில் நேரில் போய்க் கேட்டுவிடலாம். அங்கேயும் அந்தப் பருவத்துப் பட்டியலைப் பார்த்துவிட்டே சேருங்கள். முறையாக அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டமும் தொலைநிலைப் பட்டமும் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் தெளிவுபடுத்திவிட்டது. வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தின் கதை வேறு. அதற்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

டெப் ஐடியும் இனிஷியல் தொல்லையும்

சேர்க்கைக்கு டெப் ஐடி, அதாவது டெப் தளம் மாணவருக்குத் தரும் அடையாள எண், கட்டாயம். அதற்கு முன் ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்டுகள் சேரும் கணக்கின் எண்) வேண்டும், அதற்கும் முன் டிஜிலாக்கர் கணக்கு வேண்டும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஜிலாக்கரில் நுழைந்து 12 இலக்க ஏபிசி எண்ணை உருவாக்குங்கள். பிறகு டெப் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து விவரங்களைப் பதிந்தால் ஐடி வரும். எல்லாம் சரியாக இருந்தால் அரை மணி நேர வேலை.

சரியாக இல்லாமல் போவது பெயரால்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பின்னால், டிகிரியில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் இனிஷியல். ஆதாரில் உள்ள பெயர்தான் ஏபிசிக்குப் போகும், அங்கிருந்து டெப்புக்கும் போகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதுதான் சரியான வரிசை. ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால் எழுத்துக்கூட்டலை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். சேர்க்கையின் கடைசி வாரத்தில் இதைத் தொடங்கினால் பருவம் கைநழுவும். இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

நேரமும் சிக்னலும்

80 கிரெடிட் படிப்பு, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்றால் மொத்தம் 2,400 மணி நேரம். இரண்டு வருடத்தின் 104 வாரத்துக்குப் பகிர்ந்தால் வாரம் சுமார் 23 மணி நேரம். ஷிப்ட் வேலையில் இருப்பவர் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். நைட் டூட்டி வாரத்தில் புதிய பாடம் தொடங்காமல் அசைன்மென்ட், குறிப்பு எடுத்தல் போன்ற வேலைகளை வைத்துக்கொள்ளலாம். பகல் டூட்டி வாரத்தில் கணக்கு, புள்ளியியல் போன்ற தலை தெளிவாக இருக்க வேண்டிய பாடங்களை வையுங்கள். சேருமுன் ஒரு சோதனையும் உண்டு: என்பிடெல், ஸ்வயம் தளங்களில் உள்ள இலவசப் பாடம் ஒன்றில் சேர்ந்து முடித்துப் பாருங்கள். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆராய்ச்சி முறைப் பாடங்கள் என்பிடெல் வழியாக வந்திருக்கின்றன. சில வாரப் பாடத்தையே முடிக்க முடியவில்லையென்றால் எம்பிஏவை ஒரு வருடம் தள்ளிப்போடுவது நல்லது.

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு சிக்னல் ஒரு தனிப் பாடம். வகுப்பின் பதிவு செய்யப்பட்ட காணொளியைக் கீழே சேலத்துக்கு வரும்போது பதிவிறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று சேருமுன் கேளுங்கள். சில தளங்களில் பார்க்கத்தான் முடியும், இறக்க முடியாது. 480பி தரத்தில் ஒரு மணி நேரக் காணொளிக்குத் தோராயமாக அரை ஜிபி ஆகும்.

மதிப்பெண்ணில் அதிகபட்சம் 30 சதவீதம் உள்மதிப்பீடு, மீதி செமஸ்டர் தேர்வு. வீட்டிலிருந்து எழுதும் கண்காணிப்புத் தேர்வென்றால் வெப்கேம், மைக் வேலை செய்யும் லேப்டாப் வேண்டும். செல்போனில் எழுத அநேகமாக விட மாட்டார்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தின நாளே பாருங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரவுட்டர்தான் அணைந்துபோகும். அதற்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் போதும். வடகிழக்குப் பருவமழையில் மலைமேல் தேர்வெழுதும் துணிச்சல் வேண்டாம், சேலத்தில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ப்ராஜெக்ட்: இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள்

கடைசி செமஸ்டரில் தலைப்பு தேடினால் தாமதம். இரண்டாம் செமஸ்டரிலேயே முடிவு செய்யுங்கள். சேலத்தில் தலைப்புக்குப் பஞ்சமில்லை. விசைத்தறிப் பட்டறையின் சத்தமும் தொழிலாளர் காது கேட்கும் திறனும், கொலுசுப் பட்டறைகளில் பாதுகாப்பு உபகரணப் பயன்பாடு, காப்பீட்டு க்ளைம் திரும்பி வரும் காரணங்கள், புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் நேரம். நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்தே எடுக்கும் தலைப்பு நல்லது. தரவு கைக்கெட்டும், முடிவு அந்த இடத்துக்கே பயன்படும்.

மனிதர்களிடம் தகவல் திரட்டுவதாக இருந்தால், முதல் கேள்வி கேட்பதற்கு முன்பே, ஆய்வில் பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. தரவைத் திரட்டிவிட்டுப் பின்தேதியில் ஒப்புதல் கேட்டால் எந்தக் குழுவும் தராது, தரவும் வீண். குழு வாராவாரம் கூடுவதில்லை என்பதால் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். மருத்துவமனையில் என்றால் டீன் அல்லது நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம், ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் அனுமதி. ஒப்புதல் படிவம் பேச்சுக்கு நெருக்கமான தமிழில் இருக்கட்டும். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் ஊர்களுக்குப் போவதென்றால் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள். ஆனால் அவர்கள் சரி என்றது ஒவ்வொருவரின் தனிச் சம்மதத்துக்கு ஈடாகாது.

எத்தனை பேரிடம் கேட்பது? ஒரு விஷயம் எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று அறியும் ஆய்வென்றால் கணக்கு எளிது: நான்கை, எதிர்பார்க்கும் சதவீதத்தாலும் நூறில் அதன் மீதியாலும் பெருக்கி, அனுமதிக்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 50 சதவீதம் என்று வைத்து 10 சதவீதப் பிழையை ஏற்றால் 100 பேர். பிழையை 5 சதவீதமாகக் குறைத்தால் 400 பேர். வேலை பார்த்துக்கொண்டே தனியாளாகப் போகிறவருக்கு 400 என்பது பெரும் சுமை. எந்தப் பிழையை ஏற்கிறோம் என்று எழுதி, வழிகாட்டியிடம் ஒப்புதல் பெறுங்கள். பதில் தராதவர்களுக்காகப் பத்து சதவீதம் கூட்டி 110 பேரைக் குறியாக வையுங்கள்.

படிவத்தைக் கோபோ டூல்பாக்ஸ் என்ற தரவு திரட்டும் செயலியில் செய்துகொண்டால் சிக்னல் இல்லாத ஊரிலும் செல்போனில் நிரப்பி, கீழே வந்ததும் அனுப்பலாம். பகுப்பாய்வுக்கு ஜமோவி என்ற மென்பொருள் இலவசம். முதல் 10 படிவம் வந்ததும் நிறுத்தி, எந்தக் கேள்வி தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். அந்தப் பத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அறிக்கையில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது யுஜிசியின் 2018 விதி.

பட்டம் வந்தபிறகு

அரசு அலுவலகமானாலும் பெரிய தனியார் மருத்துவமனையானாலும் பட்டத்தின் உண்மைத்தன்மையைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு உறுதிசெய்வார்கள். அப்போது நீங்கள் சேர்ந்த பருவத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருந்ததா என்பதும் கேள்வியாக வரலாம். ஆகவே சேரும் அன்றைக்கே டெப் பட்டியலின் அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து, டெப் ஐடி, சேர்க்கைக் கடிதம், ஒவ்வொரு செமஸ்டர் ரசீது ஆகியவற்றோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். மதிப்பெண் பட்டியல்கள் டிஜிலாக்கரில் ஏறியிருக்கின்றனவா என்று செமஸ்டருக்கு ஒருமுறை பார்த்து, ஏறாவிட்டால் அப்போதே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.