புது லெப்டினனும் ஓ.சி.யும்: கேம்பில் உரசல் முற்றாமல் இருக்க

சுங்கை பீசியோ வார்டிபர்னோ, எந்த மலேசிய இராணுவ கேம்பானாலும், புதிதாக வரும் லெப்டினன் மூடாவுக்கும் (இரண்டாம் லெப்டினன்ட்) கம்பெனித் தலைவரான ஓ.சி.க்கும் மனக்கசப்பு பெரும்பாலும் ஒரு கையெழுத்தில்தான் தொடங்குகிறது. ஆயுத அறைப் பொறுப்பை ஒப்படைப்பவர் அவசரத்தில் இருப்பார். "எல்லாம் சரியா இருக்கு, சைன் பண்ணுங்க" என்பார். போட்டுவிட்டால், நாளை குறையும் மேகசினுக்கு (தோட்டாப் பெட்டி) நீங்கள்தான் பதில்.

பதிவேட்டை ஒப்படைப்பவரிடமே கொடுங்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்து, எண்ணை நீங்கள் வாசியுங்கள், அவர் சரிபார்க்கட்டும். மாற்றிச் செய்தால், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நிற்பீர்கள். போல்ட் உள்ளே இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பழுதுபார்க்கப் போனதாகச் சொல்லும் துப்பாக்கிக்குப் பட்டறை ரசீதைக் கேளுங்கள். குறை இருந்தால் கையெழுத்துக்கு முன்பே பதிவேட்டில் எழுதி, உடனே ஓ.சி.க்குச் சொல்லிவிடுங்கள். பிறர் வாயிலாகக் கேட்கும்போதுதான் அவருக்குக் கோபம் இரட்டிப்பாகும்.

ஓ.சி. தரும் கட்டளையை நிலைமை, பணி, செயல்முறை, நிர்வாகம், தலைமையும் தொடர்பும் என்று ஐந்து தலைப்பில் குறித்து, நேரங்களைத் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். அதிகம் தவறுவது நேரம்தான். மறுப்பு இருந்தால் சார்ஜன்கள் முன்னால் வேண்டாம். அறையில் தனியாக, மாற்று வழியோடு போங்கள்: "துவான் (ஐயா), ஆறு மணிக்கு லாரி கிடைக்காது, ஏழுக்கு மாற்றலாமா?" அவர் முடியாது என்றால், உங்கள் கீழுள்ள பிளட்டூனிடம் அதை உங்கள் கட்டளையாகவே சொல்லுங்கள். "ஓ.சி. சொல்லிட்டாரு, நான் என்ன செய்ய" என்ற அன்றே உங்கள் சொல்லுக்கும் மதிப்பு போய்விடும்.

தீபாவளி லீவுக்குப் பயிற்சி அட்டவணை முடிவாகும் முன்பே எழுதுங்கள். அன்றைய டியூட்டியை ஏற்க ஒரு மலாய் நண்பரிடம் பேசி, அவருடைய ஹரி ராயா டியூட்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவிலேயே அவர் பெயர் இருந்தால், ஆள் இல்லை என்று தட்டிக்கழிக்க இடமிருக்காது.

கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. இரண்டாவது நடந்தால் அன்றிரவே தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். புகாரை முதலில் ஓ.சி.க்கு மேலுள்ள கமாண்டிங் ஆபிசரிடம் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் கொட்டினால் விசாரணை உங்கள் ஒழுங்கின் மேல் திரும்பும். சட்டப்படியான கட்டளைக்குத்தான் கீழ்ப்படியும் கடமை. ஒரு சிப்பாயை அடிக்கச் சொன்னால், "அது முடியாது, துவான்" என்று மரியாதையாகவே சொல்லுங்கள்.