படத்தைக் காட்டுங்கள், கேளுங்கள், திரும்பப் போய் எடுங்கள்: புதிதாகப் போட்டோ எடுப்பவர்களுக்கு

கேமரா வாங்கி ஆறேழு மாதம் ஆன பலர் ஒரே இடத்தில் தேங்கி நிற்பதைப் பார்க்கிறேன். அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஷட்டர் (அது திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) மூன்றும் பிடிபட்டுவிட்டன, யூடியூபில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று, ஆனாலும் படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. எங்கே சறுக்குகிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் "சூப்பர்" அதைச் சொல்லாது. அப்படி ஒருவரிடம் போவதற்கு முன்னால் என்ன செய்வது, அவர் சொன்னதை வைத்து அப்புறம் என்ன செய்வது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்குச் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். போட்டோ வாக், அதாவது கூட்டாக நடந்து போய்ப் படம் எடுக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் அடிக்கடி போகும் இடம் அது.

முதல் படி: ஒரே இடம்

ஒரு வாரம் கோயில், மறு வாரம் கடற்கரை, அதற்கடுத்து பறவை என்று தாவினால் யாராலும் உங்களுக்கு உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று நான்கு முறையாவது போய் எடுங்கள். அப்போதுதான் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

இரண்டாம் படி: பன்னிரண்டு படம்

முந்நூறு படம் எடுத்திருந்தால் முதலில் நாற்பதாகக் குறையுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு பன்னிரண்டாக்குங்கள். இந்த இடைவெளி அவசியம். எடுத்த அன்றைக்கு, அங்கே நின்ற மகிழ்ச்சியும் அந்தப் படத்துக்காகப் பட்ட சிரமமும் சேர்ந்துதான் படத்தைப் பார்க்கின்றன. பார்க்கப் போகிறவருக்கு அது எதுவும் தெரியாது, அவர் முன்னால் இருப்பது படம் மட்டும்தான்.

பன்னிரண்டையும் நாலுக்கு ஆறு அங்குல அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். செலவு அதிகம் ஆகாது. மேசையில் பரப்பி வைத்தால் எது எதோடு சேருகிறது, எது சும்மா இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். போனில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினால் தெரியாது.

மூன்றாம் படி: யாரிடம் காட்டுவது

உங்களைவிட இரண்டு மூன்று வருடம் முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் போதும். பெரிய பெயர் தேவையில்லை. போட்டோ வாக் குழுக்களில் அப்படிப்பட்டவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்களுடைய படங்களை முதலில் பாருங்கள். பறவைப் படம் எடுப்பவரிடம் தெருப் படத்தைக் காட்டினால், கூர்மை பற்றியும் நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிகள்) பற்றியும்தான் பேச்சு வரும்.

காசு கொடுத்து ஒர்க்‌ஷாப் போவதாக இருந்தால், எத்தனை பேர் வருகிறார்கள், எடுத்த படங்களை உட்கார்ந்து பார்க்கும் நேரம் உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். நாற்பது பேர் ஒரு மாடலைச் சுற்றி நின்று ஒரே கோணத்தில் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஒர்க்‌ஷாப்பில் நல்ல படம் கிடைக்கலாம். ஆனால் அந்த வெளிச்சத்தை அமைத்தவர் நீங்கள் இல்லையே.

நான்காம் படி: வாயைத் திறக்காதீர்கள்

இதுதான் கஷ்டமானது. படத்தை வைத்ததும், "இந்த அக்கா அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னா..." என்று கதையை ஆரம்பிக்காதீர்கள். படத்தில் இல்லாததைப் பேச்சால் நிரப்பிவிட்டால், அது படத்தில் இல்லை என்பதை அவர் கண்டுபிடிக்கவே மாட்டார். ஐந்து நிமிடம் அவர் பேசட்டும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "உங்கள் கண் முதலில் எங்கே போனது?", "இதில் நாலை எடுக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். இவற்றுக்குப் பொய்யாகப் பாராட்டிப் பதில் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: கருத்தை வேலையாக மாற்றுவது

பெரும்பாலானவர்கள் நான்காம் படியோடு நின்றுவிடுகிறார்கள். விமர்சனத்தைக் கேட்டு, தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். கேட்ட ஒவ்வொரு வரியையும் அடுத்த முறை கையால், காலால் செய்யக்கூடிய ஒரு வேலையாக மாற்றி எழுதுங்கள்.

"பின்னணி குழப்பமாக இருக்கிறது" என்றாரா? ஏலம் நடக்கும் இடத்தில் நின்ற உயரத்திலிருந்து எடுத்தால், முகத்துக்குப் பின்னால் கயிறு, படகின் கம்பம், இன்னொருவர் முதுகு எல்லாம் வரத்தான் செய்யும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் 55-க்குப் போனால் அபெர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, அதனால் பின்னணியை மங்கலாக்கித் தப்பிக்கவும் வழியில்லை. வேலை இது: உட்கார்ந்து எடு, முகத்துக்குப் பின்னால் வானம் வரட்டும். இல்லையென்றால் இரண்டடி நகர்ந்து நிழல் விழுந்த சுவரைப் பின்னணியாக்கு.

"தூரமாக நிற்கிறீர்கள்" என்றால், ஜூமை 24-ல் வைத்துவிட்டு அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். ஆளை ஃபிரேமில் நிறைக்க நீங்களே நடந்து போக வேண்டியிருக்கும், பேச வேண்டியிருக்கும். காசிமேட்டில் அந்த நேரம் பெண்களுக்கு வியாபார நேரம், கூடை போகிற வழியை மறிக்காமல் நில்லுங்கள். வேண்டாம் என்றால் உடனே விலகிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது அவர்களுடைய படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நெருக்கம் என்றால் என்னவென்று பார்க்க, ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் போட்டோகிராபர் எம். பழனி குமார் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். அந்த நெருக்கத்தை, தூரத்திலிருந்து எடுக்கும் எந்த டெலி லென்ஸும் தராது.

"படத்தில் ஒன்றும் நடக்கவில்லை" என்பது வேறு நோய். ஆளைத் துரத்தாமல் முதலில் நல்ல வெளிச்சமும் சுத்தமான பின்னணியும் உள்ள இடத்தைப் பிடித்து, ஷட்டரை 1/500 நொடியில் வைத்து, அங்கேயே இருபது நிமிடம் நில்லுங்கள். மீன் கூடை, ஐஸ் வண்டி, சண்டை என்று ஏதோ ஒன்று அந்த ஃபிரேமுக்குள் வரும். சூரியன் கடல் பக்கமிருந்து எழுகிறது, அதைப் பக்கவாட்டில் வைத்து நின்றால் முகத்தில் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் விழும். எட்டு மணியைத் தாண்டினால் அந்த வெளிச்சம் போய்விடும்.

ஆறாம் படி: அதே ஆள், அதே இடம்

ஒரு மாதம் கழித்து, புதிய பன்னிரண்டோடு பழைய பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு அதே ஆளிடம் போங்கள். வழிகாட்டி என்ற உறவு இங்கேதான் ஆரம்பிக்கிறது. சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறான் அல்லது வந்திருக்கிறாள் என்று தெரிந்தால், அடுத்த முறை அவரே நேரம் ஒதுக்குவார். அவர் சொன்ன ஒன்று உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அதையும் படத்தை வைத்தே சொல்லுங்கள். முயன்று பார்த்தபின் மறுப்பது உங்கள் உரிமை.

இப்படி நாலைந்து சுற்று போனபிறகு பெரிய இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். கம்போடியாவின் சியெம் ரீப்பில் நடக்கும், ஆசியப் போட்டோகிராபர்களுக்கான அங்கோர் ஒர்க்‌ஷாப்புக்குப் பயிற்சிக் கட்டணம் கிடையாது. 1988-ல் அமெரிக்கப் போட்டோகிராபர் எடி ஆடம்ஸ் நியூயார்க் மாநிலத்தில் தன் பண்ணையில் தொடங்கிய ஒர்க்‌ஷாப்பும் பயிற்சிக் கட்டணம் வாங்காமல் நூறு பேரைத் தேர்ந்தெடுப்பது. 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே என்ற போட்டோ விழா நம் ஊரிலேயே இருக்கிறது. இங்கெல்லாம் உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் படங்களைத்தான் பார்ப்பார்கள், அதுவும் தொடர்ச்சியுள்ள ஒரு தொகுப்பாக. அறிவிப்பு வந்த பிறகு ஹார்ட் டிஸ்கைக் கிளறினால் கடைசித் தேதி போய்விடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்தப் பன்னிரண்டைத் தனி ஃபோல்டரில் தேதி போட்டு வைத்துவிடுங்கள்.