‘வரலாற்றில் இன்று’ நீங்களே தயாரிப்பது எப்படி? அக்டோபர் 4-ஐ வைத்து ஒரு செய்முறை

வாட்ஸ்அப் குழு, பள்ளி அறிவிப்புப் பலகை, வானொலி என்று ‘வரலாற்றில் இன்று’ எங்கும் கண்ணில் படுகிறது. பெரும்பாலானவை ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு அப்படியே தாவி வந்தவை. யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். சொந்தமாக ஒன்று தயாரிக்க ஒரு மாலைப் பொழுது போதும். தகவல் தேடுவது இதில் பெரிய வேலையே இல்லை, தேதியைச் சரிபார்ப்பதுதான் வேலை. அதனால் இரண்டாவது படிக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு அக்டோபர் 4-ஐ எடுத்துக்கொள்வோம். தேதி சம்பந்தமான சிக்கல்கள் அத்தனையும் இந்த ஒரு நாளுக்குள்ளேயே கிடைக்கின்றன.

படி 1: கிடைப்பதையெல்லாம் அள்ளுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு தேதிக்கும் தனிப் பக்கம் உண்டு. நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாட்கள் என்று பிரித்தே வைத்திருப்பார்கள். அங்கே தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். எக்செலில் ஐந்து பத்திகள் போடுங்கள்: ஆண்டு, என்ன நடந்தது, எங்கே, எந்த நாட்காட்டி, ஆதாரம். கடைசி இரண்டையும் இப்போது காலியாக விடலாம்.

அக்டோபர் 4-க்கு முதல் சுற்றில் சேர்ந்தவை இவை:

- 1582: ஜூலியன் நாட்காட்டியின் கடைசி நாள்
- 1669: ஓவியர் ரெம்பிராண்ட் மறைவு
- 1884: சுப்பிரமணிய சிவா பிறப்பு
- 1904: திருப்பூர் குமரன் பிறப்பு
- 1947: இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் மறைவு
- 1957: முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 1 ஏவப்பட்டது
- 1959: சோவியத் விண்கலம் லூனா 3 நிலவின் மறுபக்கத்தைப் படமெடுத்தது
- 1966: ஆப்பிரிக்க நாடான லெசோத்தோ விடுதலை
- உலக விலங்குகள் நாள், உலக விண்வெளி வாரத் தொடக்கம்

இதில் ஒரு வரி தவறு, ஒரு வரி அரைகுறை. எவை என்று அடுத்த படியில் பார்க்கலாம்.

படி 2: தேதியை உரசிப் பாருங்கள்

ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

*எந்த நாட்காட்டி?* பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் ஆணைப்படி 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை ஆனது. இடையில் பத்துத் தேதிகள் காணாமல் போயின. கிழமை மட்டும் வரிசை மாறவில்லை. அவிலாவின் புனித தெரேசா ஸ்பெயினில் இறந்தது சரியாக அந்த இரவில்தான். அதனால்தான் அவருடைய திருநாள் அக்டோபர் 15-இல் வருகிறது.

ஆனால் உலகம் முழுக்க அன்றே மாறிவிடவில்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து போன்ற நாடுகளே உடனே மாறின. பிரிட்டன் 1752 வரை இழுத்தது, ரஷ்யா 1918 வரை. ஆகவே நம் பட்டியலின் முதல் வரி அரைகுறை. ‘சில கத்தோலிக்க நாடுகளில்’ என்று சேர்த்தால்தான் சரி. ஆம்ஸ்டர்டாம் இருக்கும் ஹாலந்து மாகாணம் சீக்கிரமே மாறிவிட்டது, எனவே ரெம்பிராண்ட் தேதியில் கை வைக்க வேண்டியதில்லை. பழைய ரஷ்யத் தேதி என்றால் கட்டாயம் கணக்குப் போட வேண்டும்: 19-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள், 20-ஆம் நூற்றாண்டில் 13. ‘அக்டோபர் புரட்சி’ நவம்பர் 7-இல் நினைவுகூரப்படுவது இந்தக் கணக்கால்தான்.

*எந்த ஊர் நேரம்?* ஸ்புட்னிக் கிளம்பியபோது மாஸ்கோவில் அக்டோபர் 4, இரவு 10.28. ஏவுதளம் இருந்த கஜகஸ்தானில் நள்ளிரவு தாண்டிவிட்டது. இந்திய நேரப்படியும் அக்டோபர் 5 பிறந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்புறம் எதை எழுதுவது? உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட தேதியையே எழுதுங்கள். நேரத்தை மட்டும் பட்டியலில் குறித்து வையுங்கள். யாராவது 5-ஆம் தேதி என்று வாதாடினால் கைகொடுக்கும்.

*நடந்தது என்றைக்கு, முடிந்தது என்றைக்கு?* லூனா 3 ஏவப்பட்டதுதான் அக்டோபர் 4. நிலவின் மறுபக்கத்தை அது படமெடுத்தது அக்டோபர் 7. தவறான வரி இதுதான். ஏவுதல், ஒப்பந்தம், போர், சட்டம் எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் வரும்: கையெழுத்தான நாள் ஒன்று, நடைமுறைக்கு வந்த நாள் வேறொன்று. பழைய செய்தித்தாளைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரவில் நடந்தது காலையில்தான் அச்சாகும். தாளின் தேதியை நிகழ்வின் தேதியாக்கிவிடக் கூடாது.

ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு ஆதாரங்களாவது ஒத்துப்போனால் வரியை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தயங்காமல் நீக்குங்கள்.

படி 3: குறையுங்கள்

பத்து வரி இருந்தால் ஐந்து போதும். இரண்டு நிகழ்வுகள் ஒன்றோடொன்று பேசினால் அவற்றுக்கு முன்னுரிமை. உலக விண்வெளி வாரம் அக்டோபர் 4 முதல் 10 வரை என்பதைத் தனி வரியாக விட்டால் சப்பென்று இருக்கும். ஸ்புட்னிக் ஏவிய நாளில் தொடங்கி, விண்வெளி ஒப்பந்தம் 1967-இல் நடைமுறைக்கு வந்த அக்டோபர் 10-இல் முடிகிறது என்று சேர்த்துச் சொன்னால் அந்த வாரத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. விலங்குகள் நாளும் இப்படித்தான். அது விலங்குகளின் காவலராகப் போற்றப்படும் அசிசியின் புனித பிரான்சிஸின் திருநாள். அவர் இறந்தது 1226 அக்டோபர் 3 மாலையில், சூரியன் மறைந்த பின் அடுத்த நாள் தொடங்குவதாக எண்ணிய காலத்தில். அதனால்தான் திருநாள் 4-இல் வருகிறது. சிறப்பு நாட்களில் இப்படி ஏதாவது கதை இல்லாவிட்டால் நான் சேர்ப்பதே இல்லை.

படி 4: எழுதுங்கள்

ஆண்டு, யார், என்ன செய்தார், கண்ணில் நிற்கும் ஒரு விவரம். அவ்வளவுதான். ‘மகத்தான’, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ போன்ற சொற்களை வெட்டுங்கள்.

> 1957: உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1-ஐ சோவியத் ஒன்றியம் ஏவியது. 58 செ.மீ. விட்டமும் 83.6 கிலோ எடையும் கொண்ட அந்த உலோகப் பந்து பூமியை ஒருமுறை சுற்ற எடுத்துக்கொண்டது சுமார் 96 நிமிடம்.

படி 5: ஆண்டு நிறைவைக் கணக்கிடுங்கள்

நடப்பு ஆண்டிலிருந்து நிகழ்ந்த ஆண்டைக் கழித்தால் நிறைவடைந்த ஆண்டுகள் வரும். ஸ்புட்னிக்குக்கு 2027-இல் 70. நாட்காட்டி மாற்றத்துக்கு 2032-இல் 450. 25, 50, 75, 100 என்று வரும் வரியை மேலே ஏற்றுங்கள். நூற்றாண்டுத் தொடக்கத்தையும் நிறைவையும் மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: 1904-இல் பிறந்த குமரனுக்கு நூறாவது ஆண்டு தொடங்கியது 2003 அக்டோபர் 4-இல், நூறு நிறைந்தது 2004-இல்.

சரி, பயிற்சிக்கு ஏப்ரல் 23-ஐ எடுத்துப் பாருங்கள். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டெசும் 1616-இல் ஒரே நாளில் இறந்ததாகப் பல பட்டியல்கள் சொல்லும். அந்த ஆண்டில் இங்கிலாந்து எந்த நாட்காட்டியைப் பின்பற்றியது, ஸ்பெயின் எதைப் பின்பற்றியது என்பதிலிருந்து தொடங்குங்கள்.