புக் கிளப்புல ஸ்டீம்பங்க், மாற்று வரலாறு கதைகளப் பேசுறது எப்படி? பாண்டி, கடலூர்ப் பக்கம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மாசம் ஒரு தடவ கூடிப் பேசுற வாசகர் குழு ஒண்ணு உங்களுக்கு ஏற்கனவே இருக்குன்னு வச்சுக்கிறேன். ஆள் சேக்குறது, மாடி புடிக்கிறது, வாட்ஸ்அப் குரூப், பஜ்ஜி டீ கணக்கு இதெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல. குடும்பக் கதை, வட்டார நாவல்னா மணிக்கணக்கா பேசுற குழு, நீராவி ரோபோவும் பறக்குற கப்பலும் வந்ததும் வாயடைச்சுப் போயிடும், அந்த எடத்த எப்படித் தாண்டுறதுன்னு மட்டும் சொல்றேன்.

மொதல்ல ரெண்டையும் பிரிச்சு வைங்க

மாற்று வரலாறுன்னா நடந்த சம்பவம் ஒண்ணு வேற மாதிரி முடிஞ்சிருந்தா உலகம் எப்படி இருக்கும்ங்கிற கதை. பிலிப் கே. டிக் 1962-ல எழுதின நாவல்ல இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயிச்சுடும், அந்த வகை. ஸ்டீம்பங்க்ல நீராவிக் காலத்து மெஷினுங்க நிஜத்துல போனதவிட ரொம்ப தூரம் போயிருக்கும். கே. டபிள்யூ. ஜீட்டர்ங்கிற எழுத்தாளர் 1987-ல லோகஸ் பத்திரிகைக்கு எழுதின கடிதத்துல கிட்டத்தட்ட வெளையாட்டா வச்ச பேரு அது, ஒட்டிக்கிச்சு. ரெண்டும் ஒரே கதையில வரலாம். கிப்சனும் ஸ்டெர்லிங்கும் 1990-ல சேர்ந்து எழுதின நாவல் அப்படித்தான், சார்லஸ் பாபேஜ் கனவு கண்ட கணக்குப்போடுற மெஷின் அதுல நிஜமாவே ஓடும். பாபேஜ் உயிரோட இருந்தவரைக்கும் அவரோட பெரிய மெஷின் எதுவும் முழுசா முடியல, ஆனா அவரோட ஒரு டிசைன வச்சு லண்டன் சயின்ஸ் மியூசியத்துல 1991-ல செஞ்சு பாத்தாங்க, ஓடிச்சு. "சும்மா கப்சா விடுறானுங்க"ன்னு சொல்ற ஆளு எல்லாக் குழுவுலயும் ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு இத ஆரம்பத்துலயே சொல்லிடுங்க.

எதப் படிக்கிறது?

ஐநூறு பக்க நாவல எடுக்காதீங்க, பாதிப்பேரு படிக்காமதான் வருவாங்க. என் சிபாரிசு ஜூல்ஸ் வெர்ன். ஸ்டீம்பங்க்ங்கிற பேரு வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே எழுதிட்டுப் போனவரு, ஆனா பாட்டன் அவருதான். 1880-ல வந்த ஒரு நாவல்ல, 1857 கிளர்ச்சிக்கு அப்புறமான வட இந்தியாவுல நீராவி யானை ஒண்ணு வீட்ட இழுத்துக்கிட்டுப் போகும். அதவிட நெமோ சரியா வரும். நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் நெமோ யாருன்னா நம்ம ஆளு! பண்டேல்கண்ட் ராஜா மகன், திப்பு சுல்தானோட உடன்பிறப்பு மகன் முறைன்னு மர்மத் தீவு நாவலோட மூணாம் பாகத்துல வெர்னே சொல்லிடுறாரு. அந்த அத்தியாயத்த மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க. பிடிஎஃப் அனுப்பினா யாரும் தொறக்குறதில்ல.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. இங்கிலீஷ்ல இலவசமா கெடைக்கிற பழைய கிங்ஸ்டன் மொழிபெயர்ப்புல நெமோவோட ஆங்கிலேயர் எதிர்ப்பு நெறைய மழுங்கடிக்கப்பட்டிருக்கு. ஒருத்தர் கையில அது, இன்னொருத்தர் கையில வேற பதிப்புன்னா ஆளாளுக்கு வேற நெமோவப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பாங்க. கண்டுபுடிக்க ஈஸி வழி: கதையில வர்ற இன்ஜினியர் பேரு சைரஸ் ஹார்டிங்னு இருந்தா அது பழசு, சைரஸ் ஸ்மித்னு இருந்தா வெர்ன் வச்ச பேரு. 2001-ல வந்த புது மொழிபெயர்ப்புங்க நல்லாருக்கு. பாண்டியில இன்னொரு வசதியும் இருக்கு, எங்க குழுவுல ஒரு சொல்தா தாத்தா இருக்காரு, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு. அந்தப் பத்திய மூலத்துலயே வாசிச்சு, "இதப் பாருப்பா, இங்க எவ்ளோ கோவமா பேசுறான், உன் புக்குல அது எங்கப்பா?"ன்னு கேட்டாரு. அன்னிக்கு டீ ஆறிப்போச்சு.

ஒரு தேதி, ஒரு எடம், ஒரே ஒரு மாத்தம்

எல்லாரும் இடறுற எடம் இதுதான், நிதானமா படிங்க.

பாண்டிச்சேரியில உக்காந்துகிட்டு "பிரெஞ்சு கவர்னர் டூப்ளே இங்கிலீஷ்காரன ஜெயிச்சிருந்தா?"ன்னு கேட்டுப் பாருங்க, பத்து நிமிஷத்துல கதை காணாமப் போயிடும். ஒருத்தர் நேர்நேரா தெரு போட்ட அழகப் பாருங்கம்பாரு, அடுத்தவரு ஆளப் புடிச்சு அடிமையா தீவுக்குக் கப்பலேத்துனதும் அவங்கதானேம்பாரு, கடலூர்லேர்ந்து வந்தவரு "1758-ல எங்க தேவனாம்பட்டினம் கோட்டைய இடிச்சது யாரு?"ன்னு எந்திரிப்பாரு, உடனே பாண்டிக்காரரு "1761-ல இங்க ஊரையே தரைமட்டமாக்கினது யாரு?"ம்பாரு. வெள்ளக்காரன்ல எவன் நல்லவன்ங்கிற பட்டிமன்றமா அது முடியும். அந்தக் கேள்வியில தேதி இல்ல, அதான் ஆளாளுக்கு இழுக்குறாங்க.

ஒரு சார்ட் பேப்பர் ஒட்டுங்க. (ப்ரொஜெக்டர், ஸ்லைடு வேணாம், லைட்ட அணைச்சா பாதிப்பேரு ஃபோன எடுத்துடுவாங்க. தடிச்ச ஸ்கெட்ச் பேனா போதும்.) மேல ஒரே வரி, கீழ ரெண்டு பத்தி: இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் மாறுறது.

நான் எப்பவும் எடுக்குற உதாரணம் 1761 ஜனவரி 1. பாண்டிச்சேரிய முற்றுகை போட்டிருந்த ஆங்கிலக் கப்பலுங்கள்ல சிலத அன்னிக்கு அடிச்ச புயல் முழுங்கிடுச்சு, சிலது கரைதட்டிடுச்சு. தானே புயலப் பாத்த நம்ம ஊருக்காரங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு தனியா விளக்க வேணாம். இடது பக்கம் எழுதவேண்டியது: முற்றுகை விலகல, பிரெஞ்சுக் கப்பற்படை உதவிக்கு வரல, ஊருக்குள்ள சோத்துக்கு வழியில்ல, அதே மாசம் நடுவுல பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைஞ்சாரு. மேல எழுதுற வரி: "புயல் அடிச்ச மறுநாளு மொரீஷியஸ்லேர்ந்து பிரெஞ்சுக் கப்பலுங்க வந்து நின்னுச்சு." அவ்ளோதான், வேற எதையும் மாத்தக்கூடாது.

இனிமே வலது பக்கத்துல எது எழுதணும்னாலும் "அதனால"ன்னு ஆரம்பிச்சு மேல இருக்குற வரியோட கோக்கணும். கோக்க முடியலயா, அடிச்சுடுங்க. "இந்தியா முழுக்க பிரெஞ்சு பேசும்"னு ஒருத்தர் சொன்னா, நடுவுல எத்தன "அதனால" வேணும்னு அவரையே சொல்லச் சொல்லுங்க, அவரே நாலாவதுல நின்னுடுவாரு. ராஜா, கவர்னர விட்டுட்டு ஆளுங்களுக்கு எறங்குங்க. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லேர்ந்து நாட்குறிப்பு எழுதினவரு, ஊரு விழுறதுக்கு சில நாள் முன்னாடி, ஜனவரி 12-ல செத்துப்போனாரு. கப்பல் வந்திருந்தா அவரு கடைசியா என்ன எழுதியிருப்பாரு? நீலத்துணி நெஞ்சவங்களுக்கு யார்கிட்டேர்ந்து ஆர்டர் வந்திருக்கும்? சத்தமே போடாத ஆளுங்க பேச ஆரம்பிக்கிறது இந்த மாதிரி கேள்விக்குத்தான்.

நீராவிக்கு வெறகு யாரு போடுறா?

ஸ்டீம்பங்க்ல பித்தளப் பல்சக்கரம், கண்ணாடி, தொப்பின்னு அலங்காரத்துலயே பேச்சு நின்னுடும். இந்த ஒரு கேள்விய மட்டும் கேளுங்க: கொதிகலனுக்கு எரிபொருள் எங்கேர்ந்து வருது, யாரு அள்ளிப் போடுறா?

இதுக்கு வெளியூரு உதாரணம் வேணாம். கடலூருக்குத் தெக்கால பரங்கிப்பேட்டையில 1830-கள்ல ஜோசையா ஹீத்னு ஒரு ஆளு இரும்பாலை நடத்தினாரு. தாது சேலத்துப் பக்கத்துலேர்ந்து, உருக்குறதுக்கு மரக்கரி. மரக்கரி கெடைக்கிறதுதான் பெரிய பாடு, ஆலையும் நெலைக்கல. அதே ஜில்லாவுல நெய்வேலி மண்ணுக்கடியில பழுப்பு நிலக்கரி சும்மா கெடந்துச்சு. ஹீத் காலத்துலயே அது கெடைச்சிருந்தா? ஸ்டீம்பங்க் கதைக்கு இதவிட நல்ல விதை நம்ம பக்கம் எனக்குத் தெரியல. ஆளுக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்க, படிச்சுக் காட்டணும்னு கட்டாயப்படுத்தாதீங்க.

அப்டேட்: நெய்வேலியில வேலை பாத்த வாசகர் ஒருத்தர் கமெண்ட்ல ரெண்டு ஓட்டை காட்டினாரு. ஒண்ணு, அந்தக் கரியில பாதிக்குப் பாதி ஈரம், அப்படியே போட்டு இரும்பு உருக்க முடியாது, பாய்லருக்கு வேணா ஆகும். ரெண்டு, கரிக்கு அடியில நெலத்தடித் தண்ணி அழுத்தத்தோட நிக்குது, அத எறைச்சுக்கிட்டே இருந்தாதான் தோண்டவே முடியும். ரெண்டாவது ஓட்டையில எனக்கு ஏக சந்தோஷம், ஏன்னா 1712-ல நியூகோமன் செஞ்ச நீராவி இன்ஜினே சுரங்கத்துல தண்ணி எறைக்கத்தான்! அதனால பயிற்சிய இப்படி மாத்திக்குங்க: நீராவி இன்ஜின் தண்ணி எறைக்குது, அந்தக் கரியே இன்ஜினுக்குத் தீனி, ஆனா இரும்பு உருக்க இன்னமும் காட்ட வெட்டித்தான் ஆகணும். எந்தக் காடு, யாரோட நெலம்னு சார்ட்ல மேல எழுதிட்டு ஆரம்பிங்க. கடலூர்லேர்ந்து வர்றவங்களுக்கு கடைசி பஸ் எத்தன மணிக்குன்னும் ஓரத்துல குறிச்சு வைங்க, இந்தப் பேச்சு சீக்கிரம் முடியாது.