இடுப்பு எலும்பு ஆபரேஷன்: ஆஸ்பத்திரியில் கூட இருப்பவருக்கு ஒரு செய்முறை

போன ஐப்பசி மழையில் எங்கள் அப்பத்தா வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது உள்முற்றம் உள்ள பின்பகுதியில், விழுந்தார். செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு, கழிவறை அந்தக் கடைசியில். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவ்வளவு தூரம் நடந்தவர், சாரல் அடித்து நனைந்த முற்றத்து ஓரக் கல்லில் வழுக்கிவிட்டார். இடது தொடை எலும்பு, இடுப்பு மூட்டை ஒட்டி முறிந்துவிட்டது. வயது 82.

108-ஐ அழைப்பது, எக்ஸ்ரே எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், நாட்டுக் கட்டு கட்டி வீட்டுல வச்சிருங்க" என்று பங்காளி வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கட்டுப் போட்டு ஆறு வாரம் மல்லாந்து கிடந்தால் எலும்புக்கு முன்னால் நுரையீரலும் முதுகும் கெட்டுவிடும். உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொன்னால், சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் முடிவதுதான் நல்லது. நாங்கள் காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் மறுநாள் செய்தோம். உள்ளே கம்பி வைத்துத் திருகாணி போட்டார்கள்.

1. மூன்று கேள்விகள்

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்ததும் "நல்லபடியா முடிஞ்சுது" என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். காலில் முழு எடையும் வைக்கலாமா? குனிவதற்கும் சம்மணம் போடுவதற்கும் தடை உண்டா? ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி எத்தனை நாளுக்கு? பதில்களை எழுதி வாங்குங்கள். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது ஆளுக்கொன்று சொல்வார்கள். கம்பி வைத்தவர்களுக்கும் மூட்டின் பந்தையே மாற்றியவர்களுக்கும் விதிகள் வேறு. பந்து மாற்றியிருந்தால் தரையில் உட்காருவதையும் இந்தியன் கக்கூஸையும் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

2. மூன்று பந்துக் கருவி

மூச்சுப் பயிற்சிக்காக மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள். இதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நான் ஒரு நாள் முழுக்க அப்பத்தாவை ஊதச் சொல்லிவிட்டு, பந்து ஏறவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். குழாயை உதட்டால் கவ்வி, இளநீர் உறிஞ்சுகிற மாதிரி மெதுவாக உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு பந்து ஏறினாலே போதும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, பத்து மூச்சு. சளி கட்டாமல் இருக்கத்தான் இது.

3. மறுநாளே எழுப்புவது

டாக்டர் தடுக்காவிட்டால் ஆபரேஷனுக்கு மறுநாளே உட்கார வைத்து நிற்க வைப்பார்கள். பாவமாகத்தான் இருக்கும். நடை பழக்கும் பிசியோதெரபிஸ்ட் (பிசியோ) வருவதற்கு அரை மணி முக்கால் மணிக்கு முன்னால் வலி மாத்திரை கொடுக்கும்படி சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள். வலியோடு எழுப்பினால், மறுநாள் பிசியோவைப் பார்த்ததுமே கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்கள்.

கட்டிலின் தலைப்பக்கத்தை மெதுவாக உயர்த்தி ஐந்து நிமிடம் விடுங்கள். தலை சுற்றவில்லை என்றால் காலைத் தொங்கவிடலாம். பாதம் தரையில் பதிய வேண்டும், கட்டில் உயரமாக இருந்தால் இறக்கச் சொல்லுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. ஒரு துண்டை இடுப்பில் சுற்றி அதைப் பிடித்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

நடக்கும் வரிசை: முதலில் வாக்கர், அடுத்து வலிக்கால், அப்புறம் நல்ல கால். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் வாக்கரின் பிடி இருக்க வேண்டும். சக்கரம் வைத்த வாக்கர் எனக்குப் பிடிக்காது, வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அது தானாக ஓடும். நாலு காலிலும் ரப்பர் போட்டதை வாங்குங்கள். ரப்பர் தேய்ந்துபோகும், கூடவே ஒரு செட் வாங்கி வையுங்கள்.

4. நான் கோட்டை விட்ட இடம்

ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி அப்பத்தா, "அப்பச்சி கப்பல் ஏறியாச்சா? பெட்டகச் சாவி எங்க?" என்று கேட்டார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவுக்குக் கொண்டுவிக்க (வட்டித் தொழில் பார்க்க) போனவர், தவறிப் பல வருஷம் ஆயிற்று. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். பயந்துபோய் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு வரும் திடீர்க் குழப்பம் இது, புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதீர்கள் என்றார். சரி என்று இருந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் அப்பத்தா சத்தமே போடவில்லை. பகலெல்லாம் தூக்கம். இட்லியை வாயில் வைத்தால் மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். "சமத்தா தூங்குறாக" என்று பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னேன். அந்தச் சமத்தும் அதே குழப்பம்தான். கத்துகிற குழப்பத்தை வார்டே கவனிக்கும். அமைதியான குழப்பம் யார் கண்ணிலும் படாது, ஆபத்தும் அதில்தான் அதிகம்.

மூன்றாம் நாள் ஒரு சிஸ்டர்தான் கேட்டுப் பார்த்தார். வயது என்ன, பிறந்த தேதி என்ன, இது எந்த இடம், எந்த வருஷம்? பிறகு டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்குப் பிறந்த தேதி என்றைக்குமே தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும். அதனால் தமிழ் மாதத்தைச் சொல்லச் சொன்னோம். பங்குனி, மாசி என்றவர் தைக்கு வரவில்லை, தூங்கிவிட்டார். வட்டிக் கணக்கை வாயாலேயே போடுகிற மனுஷி. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரத்தப் பரிசோதனையில் உப்பு (சோடியம்) குறைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு நாளாக மலம் போகவில்லை. காது மிஷின் என் பையில் கிடந்தது, தொலைந்துவிடும் என்று நான்தான் கழற்றி வைத்தேன். யாரோ என்னவோ சொல்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை, கண்ணாடியும் இல்லை. யாருக்குத்தான் குழம்பாது?

ஆகையால் காது மிஷின், கண்ணாடி, பல்செட் மூன்றும் முதல் நாளிலிருந்தே போட்டிருக்க வேண்டும். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், ராத்திரி விளக்கைக் குறையுங்கள். ஒரே ஆள் கூட இருப்பது நல்லது. காலையில் கிழமையும் ஊரும் சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கேட்காதீர்கள். மூத்திரக் குழாயை எப்போது எடுப்பார்கள் என்று தினமும் கேளுங்கள், அது கிருமிக்கு வாசல். நேற்று இருந்த மாதிரி இன்று இல்லை என்று தோன்றினால் "இது இவங்க வழக்கம் இல்ல" என்று சொல்லுங்கள். அவருடைய வழக்கம் தெரிந்த ஒரே ஆள் அந்த வார்டில் நீங்கள்தான்.

5. குதிகாலும் சாப்பாடும்

புண் முதுகில் மட்டும் வரும் என்று நினைத்திருந்தேன், குதிகாலில்தான் முதலில் சிவந்தது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். இரண்டு மணிக்கொரு தடவை படுக்கும் பக்கத்தை மாற்ற வேண்டும். காற்று மெத்தை வாங்கினால் அதன் மேல் ஒரே ஒரு விரிப்பு போதும், கம்பளியை மடித்துப் போட்டால் மெத்தை வாங்கியதே வீண். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

பத்தியம் என்று ரசஞ்சாதம் மட்டும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிறுநீரகக் கோளாறு இல்லாத 50 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 50, 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து குவித்தார்கள். கடைசியில் "அவிச்ச முட்டையும் மீன் குழம்பும் கொண்டாங்க" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நேராக உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும்.

6. டிஸ்சார்ஜுக்கு முன்

ஏன் விழுந்தார் என்று கேளுங்கள். எங்கள் விஷயத்தில் பிரஷருக்காகச் சாயங்காலம் போட்ட நீர் மாத்திரைதான் ராத்திரி எழுப்பியிருக்கிறது. உப்பு குறைந்ததற்கும் அதுவே காரணம் என்று நிறுத்தினார்கள். எலும்பு மெலிந்து பலவீனமாவதற்கு மருந்து உண்டா என்றும் கேளுங்கள், அவர்களாகச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. சிறுநீரகமும் கால்சியமும் பார்த்துவிட்டு வருஷத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றும் மருந்து இருக்கிறது. வீட்டில் பிசியோவுக்கு ஆள் இல்லையென்றால் அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் விசாரியுங்கள், 2021-இல் ஆரம்பித்த திட்டம்.

பிற்சேர்க்கை: உயர நிலைப்படியை வாக்கரோடு எப்படித் தாண்டுவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கால் முதலில். ஆனால் எங்கள் வீட்டு நிலைக்கு அது சரிப்படவில்லை. தச்சரைக் கூப்பிட்டு இருபுறமும் சாய்வுப் பலகை அடித்தோம்.

இன்னொன்று: ராத்திரிக்குக் கமோடு நாற்காலி வாங்கிப் படுக்கை பக்கத்திலேயே போட்டோம். "நடு வீட்டுல கக்கூஸா?" என்று அப்பத்தா மூன்று நாள் அதைத் தொடவில்லை. பக்கத்துச் சாமான் அறையைக் காலி செய்து, திரை கட்டி உள்ளே வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.